பெற்றோரின் பாரபட்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குள் ஏன் பகையாகிறது?

ஒரு பிள்ளைக்குச் சலுகையும் இன்னொன்றுக்குப் பொறுப்பும் போய்ச் சேருவதுதான் இங்கே பாரபட்சம். கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் மாட்டையும் அப்பாவின் சர்க்கரை மாத்திரையையும் பார்ப்பவர் அண்ணன். திருப்பூரிலிருந்து தீபாவளிக்கு வரும் தம்பியைத்தான் அம்மா "இளைச்சுப் போய்ட்டயே கண்ணு" என்பார். அண்ணனுக்கு உறுத்துவது காசு மட்டுமல்ல, அந்த ஒரு வார்த்தையும்தான். பெற்றவர்களைத் திட்ட மனம் வராது, கோபம் தம்பி மேல் திரும்பும். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர், முதலில் இருக்கும் தலைமடைக்காரரிடம்தானே சண்டைக்குப் போகிறார்! பாகம் பிரிக்கும்போது இதெல்லாம் வரப்புத் தகராறாக வெளியே வரும்.

அப்புறம், பாகம் பிரிக்கும்போது சொல்லப்படும் "சீர் செஞ்சாச்சு, பொண்ணுக்குப் பங்கில்லை" என்பது தவறு. 2005 இந்து வாரிசுரிமைத் திருத்தப்படி, முன்பே முறையாகப் பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு உண்டு.