பக்கத்தில் இரண்டு பள்ளிகள்: எதில் சேர்ப்பது?

கேள்வி: வியாசர்பாடிக்குக் குடிவந்திருக்கிறோம். மகள் ஆறாம் வகுப்பிலும் மகன் ஒன்றாம் வகுப்பிலும் சேர வேண்டும். பக்கத்தில் மாநகராட்சி நடுநிலைப் பள்ளி ஒன்றும், 12 வரை உள்ள அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றும் இருக்கின்றன. அங்கே யார் யார், எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எதில் சேர்ப்பது? - வாசகி, சென்னை

பதில்: ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. அது மத்திய அரசின் பள்ளித் தகவல் தொகுப்பில் அந்தப் பள்ளிக்குரிய அடையாள எண், தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும். பள்ளியில் கேட்டு வாங்கி யுடைஸ் பிளஸ் இணையதளத்தில் தேடுங்கள். வகுப்புவாரியாக மாணவர், மாணவியர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் கிடைக்கும். ஆனால் அது பெரும்பாலும் போன கல்வியாண்டுக் கணக்கு. நடப்பு நிலவரத்தை நேரில்தான் கேட்க வேண்டும்.

மகனுக்கு 1 முதல் 5 வரையுள்ள எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் 60 பேர் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர். 55 பிள்ளைகள்தான் என்றால், ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர்கள் இருக்கக்கூடும். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும் விழும். கூட்டம் குறைவு, கவனிப்பு அதிகம் என்ற கணக்கு இங்கே தப்பிவிடும். ஒன்றாம் வகுப்பு அறையை எட்டிப் பாருங்கள்: ஒரே கரும்பலகை, நடுவில் கோடு, இரு பக்கமும் இரு வகுப்புப் பாடம் என்றால் நிலைமை விளங்கிவிடும்.

'அங்கே எல்லாம் குடிசைப் பிள்ளைகள்' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்தப் பேச்சுதான் நல்ல பள்ளிகளையும் காலியாக்குகிறது. வீட்டில் இந்தியோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் நிறைய இருந்தால், அவர்களுக்குத் தமிழை எப்படிப் பழக்குகிறீர்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் பள்ளி விழிப்பாக இருக்கிறது.

மகளுக்கு முக்கியமானது வேறு. மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. மாநகராட்சிப் பள்ளி அதில் சேரும். உதவிபெறும் பள்ளி சேராது. நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிவதால், ஒன்பதாம் வகுப்புக்கு அருகில் எந்த மாநகராட்சி அல்லது அரசு மேல்நிலைப் பள்ளி என்று இப்போதே பார்த்துவையுங்கள். அப்போது உதவிபெறும் பள்ளிக்கு மாறினால் அந்தத் தகுதி போய்விடும். ஒதுக்கீடு வேண்டுமென்றால் மகளுக்கு மாநகராட்சிப் பள்ளியே சரி.

பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால், அதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ சட்டத்தில் இடமில்லை.