பொலிகார்ப்பு யார்? இறந்த ஆண்டு ஏன் நூலுக்கு நூல் மாறுகிறது?

ஸ்மிர்னா நகரின், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரின் கிறிஸ்தவ ஆயர் அவர்; விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர். அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் ரோமுக்குக் கைதியாகப் போகும் வழியில் இவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இளம் வயதில் இவர் பேசக் கேட்ட இரேனியு பிறகு இன்றைய பிரான்சின் லியோன் நகர ஆயரானார்.

ஆண்டுக் குழப்பத்துக்குக் காரணம் இதுதான்: ஸ்மிர்னா சபை எழுதிய மரண விவரம் ஆளுநர் குவாட்ராட்டுஸைக் குறிப்பிடுகிறது. அதை வைத்துக் கணக்கிட்டால் கி.பி. 155 அல்லது 156 வரும். பழங்காலத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுவோ இந்த மரணத்தை ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியுஸ் காலத்தில், 160-களில் வைக்கிறார். முதல் கணக்கையே பலரும் ஏற்கிறார்கள். எனக்கும் அதுவே வலுவாகப் படுகிறது.

அந்த விவரத்தை அவசியம் படியுங்கள். பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடும் குடிக்கவும் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்கிறார்; இரண்டு மணி நேரம் நின்றே ஜெபிக்கிறார். கிறிஸ்துவைப் பழித்தால் விடுதலை என்கிறார் ஆளுநர். "86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், எனக்கு அவர் ஒரு தீங்கும் செய்யவில்லை" என்பது பதில். அந்த 86 பிறப்பிலிருந்தா, திருமுழுக்கிலிருந்தா என்பது தெளிவில்லாததால் வயதை உறுதியாக எழுதிவிடாதீர்கள். தீயிட்டுக் கொல்லும் கம்பத்தில் ஆணி அடிக்க வந்தவர்களைத் தடுத்ததால் கயிற்றால் மட்டும் கட்டினார்கள்.

அதே விவரத்தில் குயிந்து என்பவர் தானாக முன்வந்து சரணடைகிறார். காட்டு மிருகங்களைக் கண்டதும் பயந்து, ரோமத் தெய்வங்களுக்குப் பலி செலுத்திவிடுகிறார். சாவைத் தேடிப் போவதைச் சபை பாராட்டவில்லை.

எலும்புகளைச் சேகரித்து, மரண நாளை ஆண்டுதோறும் 'பிறந்தநாள்' என்று கொண்டாடும் வழக்கத்துக்கு மிகப் பழைய சான்றும் இதுவே. திருநாள் பிப்ரவரி 23. அவர் எழுதியவற்றில் பிலிப்பியருக்கான கடிதம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, அதிலும் சில பகுதிகள் லத்தீனில்தான்.