மருத்துவ மாணவர்களுக்குத் தகவலியலை எப்படிக் கற்பிப்பது, எப்படிச் சோதிப்பது?

சேலத்தில் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு மருத்துவத் தகவலியல் (மருத்துவத் தகவலைப் பதிவது, தேடுவது, பயன்படுத்துவது பற்றிய பாடம்) வகுப்பை எங்கே தொடங்குவது, கற்றதை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணினி வரலாற்றில் தொடங்காதீர்கள்; பாதி வகுப்பு தூங்கிவிடும். ஒரு கேஸ் ஷீட்டில் தொடங்குங்கள். ஏற்காட்டிலிருந்து பிரசவத்துக்குக் கீழே வந்திருக்கும் பெண். கர்ப்பத்தில்தான் முதன்முதலாகச் சர்க்கரை கூடியிருக்கிறது. நோய்களுக்குக் குறியீடு தரும் உலகப் பட்டியலான ஐ.சி.டி.-10-இல் இதற்கு ஓ24.4 (O24.4). மாணவர் அவசரத்தில் இ11 (E11) போட்டுவிட்டால், பதிவேட்டில் அந்தப் பெண் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளி ஆகிவிடுகிறார். கர்ப்பகாலச் சர்க்கரைக் கணக்கிலும் ஒன்று குறைகிறது.

அடுத்து, பரிசோதனை முடிவு. 1,000 பேரில் 10 பேருக்கு நோய். நோயுள்ளவர், இல்லாதவர் இருவரையும் 90 சதவீதம் சரியாகச் சொல்லும் சோதனை என்றாலும், பாசிட்டிவ் வரும் 108 பேரில் 9 பேருக்குத்தான் உண்மையில் நோய் இருக்கும். இதைக் கையால் கணக்குப் போட வையுங்கள்.

தேர்வுக்குக் கொள்குறி வினாக்கள் போதாது. (மனப்பாடத்தில் நம் பிள்ளைகளை மிஞ்ச ஆள் கிடையாது.) பெயர் நீக்கிய கேஸ் ஷீட்டைக் கொடுத்துக் கணினி முன் உட்கார வையுங்கள்: குறியீடு இடட்டும், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் தேடட்டும். விடைக்கு மட்டுமல்லாமல், தேடிய சொற்களுக்கும் மதிப்பெண் கொடுங்கள். இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்துவது நல்லது.