வார்டை நடத்தக் கட்சி எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கள் தெருவில் மறுபடியும் குழாயில் தண்ணீர் வருவது நின்றுவிட்டது. டேங்கர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கவுன்சிலரைக் கேட்டால் எதிர்க்கட்சி தடுக்கிறது என்கிறார். எதிர்க்கட்சிக்காரரைக் கேட்டால் ஆளுங்கட்சி பணத்தைத் தின்றுவிட்டது என்கிறார். கட்சிகளை எல்லாம் ஒழித்துவிட்டு, ஊர்க்கூட்டம் போட்டு நாமே முடிவெடுத்தால் என்ன? சுவிட்சர்லாந்தில் அப்படித்தானாமே?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தம்பி, வார்டு அளவில் கட்சி வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம். நாடு முழுவதும் கட்சியே கூடாது என்பதில் இல்லை. காரணம் சொல்கிறேன்.

நான் பிறந்தது மேகசின் பேரக்ஸில். டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு அது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கருமே. அப்பா இந்த ஊர்த் தெருக்களைப் பெருக்கினார். ஆனால் எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்தத் தெருவுக்குச் சாக்கடை என்று முடிவு செய்த சபைக்கு ஓட்டுப் போட அவருக்கு உரிமை இல்லை. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதி இந்தியருக்கு நாடாளுமன்ற வாக்குரிமை 1896இல் அடைக்கப்பட்டது, நகராட்சி வாக்குரிமை 1924இல். அறுபதுகளில், இனத்துக்கு ஒரு பகுதி என்று குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி எங்களைச் சாட்ஸ்வர்த்துக்கு ஏற்றி அனுப்பியபோதும் யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

ஓட்டு இல்லாத அந்தக் காலத்தில்தான் நேரடி ஜனநாயகத்தை நான் கண்ணால் பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் வீட்டு வாடகை ஏறியபோது ஃபிளாட் ஃபிளாட்டாகக் கூட்டம் போட்டோம். மாடிப்படிக்கு ஒருவர் என்று பிரதிநிதி. நகராட்சி அதிகாரியைப் பார்க்கப் போகிறவர் என்ன பேச வேண்டும் என்பதைக் கூட்டமே எழுதிக் கொடுக்கும். திரும்பி வந்ததும் அங்கே என்ன நடந்தது என்று எல்லார் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும். சொன்னது சரியில்லை என்றால் அடுத்த முறை வேறு ஆள் போவார். ஐந்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் மாடிப்படிக்குப் போய்வந்தவர் ஒரு தையல் தொழிற்சாலைப் பெண். மெஷின் அடித்த கை நடுங்கும், ஆனால் காகிதத்தில் இருந்ததைவிட ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். 1984 ஆகஸ்டில் வெள்ளையர் அரசு இந்தியருக்கென்று தனிச் சபை வைத்துத் தேர்தல் நடத்தியதே, அதைப் புறக்கணிக்கச் சொல்லி வீடு வீடாகப் போனதும் இதே மாடிப்படிக் குழுக்கள்தான். பதிவு செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். எந்தக் கட்சியின் பண பலமும் இல்லாமல் நடந்தது அது.

பிறகு என்ன ஆயிற்று? அந்தக் குழுக்களையெல்லாம் ஒன்றாகக் கட்டியிருந்த ஐக்கிய ஜனநாயக முன்னணியை 1991இல் கலைத்துவிட்டார்கள். விடுதலை இயக்கமான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் நாடு திரும்பிவிட்டது, இனி கட்சி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். நல்ல ஆட்கள் கட்சிக்குப் போனார்கள், சிலர் நாடாளுமன்றத்துக்கும் போனார்கள். மாடிப்படியில் யாரும் மிஞ்சவில்லை. 1994இல் வரிசையில் நின்று முதல் ஓட்டைப் போட்டபோது நான் அழுதேன், அந்த ஓட்டை இன்றும் பொன்னாக நினைக்கிறேன். ஆனால் அந்த ஓட்டு வந்ததும் கூட்டத்தைக் கைவிட்டிருக்க வேண்டியதில்லை. இரண்டும் வேண்டும்.

இப்போது உங்கள் கவுன்சிலர் விஷயம். டர்பனை நடத்தும் எத்தெக்வினி மாநகர சபையில் 222 பேர். பாதிப் பேர், அதாவது 111 பேர், வார்டில் நின்று ஜெயித்தவர்கள். மீதிப் பேர் கட்சிப் பட்டியலில் இருந்து வருகிறவர்கள். பட்டியலில் யார் எத்தனையாவது என்பது கட்சி அலுவலகத்தில் முடிவாகும், உங்களுக்கும் எனக்கும் அதில் வேலை இல்லை. வார்டில் ஜெயித்தவரையும் கட்சி நீக்கிவிட்டால் அவர் பதவி போய்விடும். வார்டு மக்கள் ஒன்றாகக் கூடி ‘நீ வேண்டாம்’ என்று சொன்னால் மட்டும் போகாது. அப்புறம் அவர் யார் பேச்சைக் கேட்பார்? இந்த ஓர் ஏற்பாட்டை மாற்றினாலே பாதி நோய் தீரும். வார்டில் கட்சிச் சின்னம் கூடாது, திரும்ப அழைக்கும் உரிமை வார்டு மக்களிடம் இருக்க வேண்டும். நான் கேட்பது இதைத்தான்.

சுவிட்சர்லாந்தைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கேயும் கட்சிகள் உண்டு. அவர்களுடைய ஏழு பேர் அமைச்சரவையே கட்சிகளின் கூட்டுதான். வித்தியாசம் என்னவென்றால், நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை எதிர்த்து 100 நாளில் 50,000 கையெழுத்து சேர்த்தால் அது மக்கள் ஓட்டுக்கு வந்தாக வேண்டும். மைதானத்தில் கூடிக் கை தூக்கி முடிவெடுக்கும் பழைய முறை இன்று அப்பென்செல் இன்னர்ரோடன், கிளாரஸ் என்ற இரண்டு சின்ன மாநிலங்களில்தான் இருக்கிறது. அப்பென்செல் இன்னர்ரோடன் ஆண்கள் 1990இல்கூடப் பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்று கை தூக்கினார்கள். அந்த ஆண்டே உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் பெண்களை உள்ளே விட்டது. கூட்டம் சொன்னது என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது தம்பி.

கேள்வி: 2021 ஜூலைக் கலவரத்தில் போலீஸ் வரவில்லை, கட்சிகள் வரவில்லை. நாங்களே தெருமுனையில் தடுப்புப் போட்டுக் குடும்பங்களைக் காப்பாற்றினோம். சமூகம் தன்னைத் தானே ஆள முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: ஐயா, இந்தக் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். அந்த வாரம் நாங்களும் தூங்கவில்லை. கடைகள் எரிந்தன, ரொட்டிக்கும் பாலுக்கும் ஆளாளுக்கு அலைந்தோம், எங்கள் தெருப் பிள்ளைகளும் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். பயம் உண்மையானது. டர்பனில் இந்தியர் தாக்கப்பட்ட 1949 கலவரத்தில் தப்பிப் பிழைத்த பாட்டிகள் சொன்ன கதைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன, அதையும் அறிவேன்.

ஆனால் உங்கள் பகுதியில் அந்த நாட்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வேலைக்குப் போனவர்கள், வீடு திரும்பியவர்களும் அதில் உண்டு. அந்தத் தடுப்புகளில் நின்ற எல்லாரும் கொலைகாரர் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் யாரை உள்ளே விடலாம், யாரைக் கூடாது என்பதை அன்று முடிவு செய்தது எது? தோலின் நிறம். அந்த முடிவைக் கேள்வி கேட்க ஒரு நீதிபதி இல்லை, எழுதி வைத்த விதி இல்லை, மறுபக்கத்து ஆள் ஒருவரும் கூட்டத்தில் இல்லை.

சமூகம் என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம்? எனக்கு இதுதான் முதல் கேள்வி. எங்கள் சாட்ஸ்வர்த்திலேயே பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதி இருக்கிறது. அந்த மக்களும் அதே தண்ணீருக்குத்தான் காத்திருக்கிறார்கள். இந்தியர் மட்டும் பள்ளி மண்டபத்தில் கூடித் தீர்மானம் போட்டால் அது குரூப் ஏரியாஸ் சட்டம் போட்டுக் கொடுத்த வேலிக்குள்ளே நடக்கும் கூட்டம்தான். அழைப்பு ஜூலுவிலும் அச்சாக வேண்டும். மண்டபத்தில் மொழிபெயர்க்க ஒருவர் உட்கார வேண்டும். கிளேர் எஸ்டேட்டின் கென்னடி ரோட்டில் 2005இல் குடிசைவாசிகள் தொடங்கிய அபாஹ்லாலி பாசெம்ஜொண்டோலோ இயக்கத்தைப் பாருங்கள். கட்சிகளிடம் சலித்துப்போய்த் தாங்களே கூடிப் பேசி முடிவெடுக்கும் பழக்கத்தை அவர்கள் வைத்திருக்கிறார்கள். அதற்காக உயிரையும் கொடுத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் அவர்களிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம்.

அடிப்படை உரிமைகளைக் கூட்டத்தின் ஓட்டுக்கு விடக்கூடாது. அரசியல் சட்டமும் நீதிமன்றமும் கூட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசமே இல்லை.

கேள்வி: சோழர் காலத்துக் குடவோலை முறையை மீண்டும் கொண்டுவந்தால் போதும் என்கிறார் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பெரியவர். உங்கள் கருத்து?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து விதிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், ஏறக்குறைய கி.பி. 920. முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பெருமைப்படலாம். ஆனால் சொந்த நிலமும் வீடும் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமண ஊர்ச் சபை. பெண்ணுக்கு இடமில்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறி வந்த நம் முன்னோரில் எத்தனை பேருடைய பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்கும்?

எடுத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்று அங்கே உண்டு. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்க முடியாது. மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. இதை நம் வார்டுக் குழுவுக்கு அப்படியே வைக்கலாம், கோயில் கமிட்டிக்கும் வைக்கலாம். சில கமிட்டிகளில் தலைவருக்கு நாற்காலியோடு வேர் பிடித்துவிட்டது.

கோயில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழ் முடிந்து கணக்கு வாசிப்பார்கள். போன முறை பொருளாளர் கேஸ் சிலிண்டர் செலவை வாசித்ததும் பின்வரிசையில் இருந்து ஓர் ஆயா எழுந்தார். “விறகு அடுப்பு மூன்றும் எரிந்ததை நான் பார்த்தேன். அப்புறம் எதற்கு இத்தனை சிலிண்டர்?” பொருளாளர் பில்லை எடுத்துக் காட்டினார். இரண்டு சிலிண்டர் மீதி இருப்பதும், அவை ஸ்டோரில் பூட்டியிருப்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அந்த ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. சாதாரண மக்களுக்குப் பட்ஜெட் புரியாது என்று மாநகராட்சியில் யாராவது சொன்னால் அவரை எங்கள் கோயிலுக்கு அனுப்புங்கள். பணம் கண்ணெதிரே இருந்தால் கேள்வி தானாக வரும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989இல் பட்ஜெட்டின் ஒரு பகுதியை வட்டாரக் கூட்டங்களிடம் கொடுத்தார்கள். கேரளத்தில் 1996 மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. இரண்டையும் தொடங்கியவை கட்சிகள்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: இனி சுயேச்சைகள் நாடாளுமன்றத்துக்கு நிற்கலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதே, கட்சிகளின் காலம் முடிந்ததா?
– வாசகர், லெனேசியா

பதில்: 2020 ஜூனில் அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னது. 2024 தேர்தலில் நின்றார்கள். நாடாளுமன்றத்துக்கு ஒருவர்கூட ஜெயிக்கவில்லை. தனி ஆள் என்பதால் ஒருவர் நல்லவராகிவிட மாட்டார், பின்னால் கூட்டம் இல்லாத சுயேச்சை யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. வார்டுக் கூட்டம் தேர்ந்தெடுத்து நிறுத்தும் சுயேச்சைக்குத்தான் என் ஓட்டு.

கேள்வி: 2022 வெள்ளத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தோம். எனக்குத் தத்துவம் வேண்டாம் அக்கா. இப்போது இருக்கும் சட்டத்திலேயே நான் என்ன செய்யலாம்?
– வாசகி, டோங்காட்

பதில்: தங்கச்சி, நிறையச் செய்யலாம். மாநகராட்சியின் நிதி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. அதற்கு 90 நாள் முன்னால், அதாவது மார்ச் முடிவதற்குள், வரைவு பட்ஜெட்டைச் சபையில் வைத்தாக வேண்டும். அதன்பிறகு பொதுமக்கள் கருத்துக் கேட்பு. ஏப்ரலில்தான் கதவு திறந்திருக்கும். ஜூலையில் போய்க் கத்துவதில் பயனில்லை. வரைவை வாங்கி, தண்ணீர்க் குழாய், பம்ப் நிலையம் என்ற வரிகளை மட்டும் பார்த்து, உங்கள் பகுதிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்த ஒரு தாளை வைத்துத் தெருக்கூட்டம் போடுங்கள். நூறு பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள்.

கூட்டத்தை ஞாயிறு காலையில் வைக்காதீர்கள், பாதிப் பேர் கோயிலிலோ சர்ச்சிலோ இருப்பார்கள். வேலை விட்டு வரும் பெண்கள் பிள்ளையோடு வரட்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மண்டபத்தின் ஒரு மூலையில் இரண்டு பெரிய பெண்கள் இருந்தால் போதும். இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு அதே தாளைத் தனியாகக் கொடுத்துக் கருத்தை எழுதி வாங்குங்கள்.

வார்டுக் குழுவில் கவுன்சிலரைத் தவிர அதிகபட்சம் பத்துப் பேர் இருக்கலாம் என்பது 1998 சட்டம். அதற்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் இருக்கிறது, பணத்தின் மேல் அதிகாரம் இல்லை. பல இடங்களில் கவுன்சிலரின் கட்சிக்காரர்களே அதை நிரப்பிவிடுகிறார்கள். குழுவைத் தேர்ந்தெடுக்கும் நாளில் தெருவே திரண்டு போக வேண்டும். மாநகர சபைக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, சிலரை முறை வைத்து அனுப்பிப் பார்வையாளர் வரிசையில் உட்கார வையுங்கள். தீர்மானத்தை எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், வாங்கிய நகலை ஜெராக்ஸ் எடுத்து உங்கள் தெருவிலும் அடுத்த குடிசைப் பகுதியிலும் ஒட்டுங்கள்.