கோஆக்ஸா, ஐபி கேமராவா? கேட்டவர்களும் பதில்களும்

கே: கோஆக்சியல் கேபிளில் (கேபிள் டிவிக்கு வருவது போன்ற கம்பி) ஓடும் பழைய கண்காணிப்பு கேமரா நாலு இருக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஐபி, அதாவது நெட்வொர்க்கில் ஓடும் கேமரா போடச் சொல்கிறார்கள். தேவையா சார்?

ப: அவசரப்படாதீர்கள். சுவருக்குள் இருக்கும் கேபிள் நன்றாக இருந்தால் கேமராவையும் டிவிஆரையும் (படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) மட்டும் மாற்றலாம். எச்டி-டிவிஐ, ஏஎச்டி முறைகள் அதே கம்பியில் 1080பி படத்தைக் கொண்டுவரும். பழைய அனலாக்கில் 704×576, அதாவது ஏறக்குறைய 4 லட்சம் புள்ளிகள். 1080பி-யில் 20 லட்சத்துக்கு மேல். "யாரோ நீலச் சட்டை" என்பதோடு நிற்காமல் முகம் தெரியும். அதற்கு முன் கேபிள் முனையில் இருக்கும் பிஎன்சி கனெக்டரை லேசாக ஆட்டிப் பாருங்கள். படம் துள்ளினால் பெரும்பாலும் கோளாறு கேமராவில் இல்லை, கம்பியைக் கனெக்டரோடு அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் சரியாக அடிக்காததுதான்.

கே: அப்புறம் ஐபி-யில் என்னதான் லாபம்?

ப: புதிதாக வயர் இழுப்பதாக இருந்தால் ஐபி-தான், யோசிக்கவே வேண்டாம். பிஓஇ ஸ்விட்ச் (கேமராக்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) வைத்தால் படமும் மின்சாரமும் ஒரே கேட்-6 நெட்வொர்க் கம்பியில் போய்விடும்; கேமரா பக்கத்தில் அடாப்டரை எங்கே ஒளிப்பது என்ற தலைவலி இல்லை. அடிப்படை பிஓஇ-யில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும். ஆனால் கம்பி 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடுவில் இன்னொரு ஸ்விட்ச். நல்ல கோஆக்ஸ் அதைவிடத் தூரம் போகும்.

கே: இன்டர்நெட் போனால் பதிவு நின்றுவிடுமா?

ப: நிற்காது. கேமரா, ஸ்விட்ச், என்விஆர் (ஐபி கேமராவுக்கான பதிவுப் பெட்டி) மூன்றும் உள் நெட்வொர்க்கிலேயே பேசிக்கொள்ளும். வெளியிலிருந்து போனில் பார்ப்பதுதான் போகும். கிளவுடில் மட்டும் சேமிக்கும் கேமரா என்றால் கதை வேறு.

கே: நாலு கேமரா, 30 நாள் பதிவு. எவ்வளவு ஹார்டு டிஸ்க்?

ப: ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) என்றால் ஒரு நாளைக்கு 43 ஜிபி. நாலுக்கும் 30 நாளுக்கு ஏறக்குறைய 5.2 டிபி. 6 டிபி வாங்குங்கள். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு என்று வைத்தால் இன்னும் குறையும். ஆனால் நான் அப்படி வைப்பதில்லை. தேவையான அந்தப் பத்து வினாடி அதில்தான் விட்டுப்போகும்.

கே: ஹேக் பயத்தால் டிவிஆரிலேயே இருக்கிறேன். சரிதானே அண்ணா?

ப: டிவிஆரை ரவுட்டரில் சொருகியிருக்கிறீர்களா? அப்படியென்றால் பயம் இரண்டுக்கும் ஒன்றுதான். 2016-இல் மிராய் என்ற மால்வேர் பிடித்ததில் ஐபி கேமராவும் உண்டு, டிவிஆரும் உண்டு. கம்பெனி போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான் அதற்குத் தேவைப்பட்டது. இன்றே மாற்றுங்கள். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து நேரே கருவிக்கு வரும் வழி) திறந்திருந்தால் மூடுங்கள்; வெளியிலிருந்து பார்க்க விபிஎன் என்ற பூட்டிய தனி இணைப்பு போதும்.

கே: வேறு வேறு கம்பெனி கேமராக்களை ஒரே என்விஆரில் சேர்க்கலாமா?

ப: கேமரா, என்விஆர் இரண்டிலும் ஓன்விஃப் (வேறு வேறு கம்பெனிக் கருவிகள் பேசிக்கொள்ளும் பொது முறை) இருந்தால் படம் வந்துவிடும். ஆள் வேறு, வண்டி வேறு என்று பிரித்துச் சொல்லும் வசதியெல்லாம் வருமா என்பதை மட்டும் வாங்கும் முன் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.