‘அண்டர்மைன்’ என்றால் குழிபறித்தல்தானா?

அண்டர்மைன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் ‘குழிபறித்தல்’ என்று எழுதலாமா, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி சரி. கொழும்பில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நான் இந்தச் சொல்லில் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். ஒரு தொழிலாளிக்குக் கொடுக்கவிருந்த குற்றப்பத்திரத்தில் ‘மேற்பார்வையாளரின் அதிகாரத்துக்குக் குழிபறித்தமை’ என்று எழுதிவிட்டேன். மனுசன் கடதாசியோடு வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “சேர், நான் எங்க கிடங்கு வெட்டினனான்?” அவர் செய்ததெல்லாம், கூட வேலை செய்தவர்களிடம் “அவர் சொன்னாச் சொல்லட்டும், நீங்கள் உங்கட பாட்டில செய்யுங்கோ” என்றதுதான்.

அண்டர் என்றால் அடியில், மைன் என்றால் சுரங்கம். கோட்டையை முற்றுகையிடுகிறவர்கள் மதிலுக்கு அடியில் தோண்டிக்கொண்டு போவார்கள். மேலே இருப்பது தங்கள் தலையில் விழாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பார்கள். கடைசியில் முட்டுக்கு நெருப்பு வைத்தால் மதில் சரியும். 1215இல் இங்கிலாந்தின் ரொச்செஸ்டர் கோட்டையை வளைத்த ஜோன் மன்னன், இதற்காகவே தின்ன உதவாத கொழுத்த பன்றிகள் 40 அனுப்பச் சொன்னான். கொழுப்பு நின்று எரியுமல்லவா! கோபுரத்தின் ஒரு மூலை விழுந்தது. திருப்பிக் கட்டியபோது அந்த மூலையை வட்டமாகக் கட்டினார்கள்; மற்ற மூன்றும் சதுரம். இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

பிறகு சுரங்கத்துக்குள் வெடிமருந்து வைக்கத் தொடங்கினார்கள், மைன் என்ற பெயர் வெடிபொருளுக்கும் ஒட்டிக்கொண்டது. எங்கள் நாட்டில் விளக்கம் தேவைப்படாத கண்ணிவெடி ஆங்கிலத்தில் மைன் ஆனது அப்படித்தான்.

இதில் எனக்குப் பிடித்தது, தமிழ் இரண்டு இடத்திலும் பொறியைத்தான் பார்க்கிறது என்பது. கண்ணி பறவைக்கு வைக்கும் சுருக்கு. குழி, யானைக்கு வெட்டித் தழையால் மூடுவது. இரண்டிலும் ஆள் நடந்து வந்து விழவேண்டும். ஆங்கிலச் சொல்லிலோ மதில் நின்ற இடத்திலேயே அடிப்பலம் போய்ச் சரிகிறது.

ஆகவே, கூட இருந்தே பதவி உயர்வைக் கெடுத்தவனுக்குக் குழிபறித்தல் பொருந்தும். அதிகாரம், சட்டம், நீதிமன்றம் என்று வந்தால் ‘வலுவிழக்கச் செய்தல்’, ‘மதிப்பைக் குலைத்தல்’ என்று எழுதுங்கள். கறையான் அரிப்பதுதான் உண்மையில் மிகக் கிட்ட வருகிறது. குற்றப்பத்திரத்தில் அதை எப்படி எழுதுவது?

அந்தக் கடதாசியை நிறுவனத்துக்குச் சொல்லி, ‘அதிகாரத்தை மதிப்பிழக்கச் செய்தமை’ என்று திருத்திக் கொடுத்தேன். இரண்டுதரம் வாசித்துவிட்டு, “ஓம், இது செய்தனான்தான்” என்றார் மனுசன்.