மகனை வீட்டில் படிப்பிக்க வேலையை விடலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் நிலாவெளியில் இருக்கிறோம். மகனுக்கு 7 வயது. இலேசான ஓட்டிசம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். வாசிப்பிலும் கணக்கிலும் கெட்டிக்காரன். ஆனால் வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் சத்தத்தை அவனால் தாங்க முடியவில்லை; காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுகிறான். அதனால் வீட்டில் வைத்துப் படிப்பிக்க நினைக்கிறோம். நான் திருகோணமலை டவுனில் ஒரு தனியார் கம்பனியில் 9 வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சம்பளம் 68,000 ரூபாய். கணவர் புறாத்தீவுக்குச் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். மே முதல் செப்டம்பர் வரை மாதம் 140,000 வரும், மற்ற மாதங்களில் 30,000தான். வீட்டுச் செலவு மாதம் 105,000. வங்கியில் 9 லட்சம் நிலையான வைப்பு இருக்கிறது. என் அம்மா எங்களுடன் இருக்கிறா. டிசம்பரில் வேலையை விட்டு ஜனவரியில் தொடங்கலாமா? ஊழியர் சேமலாப நிதியை (EPF) எடுக்க முடியுமா?

பதில்: சகோதரி, வீட்டுக் கல்வி வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. மேசைக்குக் கீழே ஒளியும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாயும் சும்மா இருக்க மாட்டா. ஆனால் டிசம்பரில் வேலையை முழுதாக விடாதீர்கள். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

வீட்டில் படிப்பிக்க ஆகும் செலவு என்றதும் எல்லோரும் புத்தகத்தைத்தான் நினைக்கிறார்கள். அது பெரிய செலவே இல்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவை இணையத்தளத்திலும் தமிழ்ப் பாடங்கள் இருக்கின்றன. உண்மையான செலவு உங்கள் சம்பளம். சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம் போனால் கைக்கு வருவது 62,560. அதைவிட, முதலாளி சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் போடுகிறார். அது மாதம் 10,200. உங்கள் 8 வீதத்தையும் சேர்த்தால் எல்லாமாக மாதம் 78,200, வருடத்துக்கு 938,400. நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் 9 லட்சத்தை விட இது கூட.

சரி, நீங்கள் வீட்டில் இருந்தால் பாடசாலை வான், ரியூசன், உங்கள் பஸ், வெளிச்சாப்பாடு என்று மாதம் 19,000 மிஞ்சும் என்று வைப்போம். செலவு 86,000 ஆகும். கணவரின் வருட வருமானம் 910,000, செலவு 1,032,000. வருடத்துக்கு 122,000 துண்டு விழுகிறது. பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குவது), போக்குவரத்து, விளையாட்டுப் பொருட்கள் என்று மாதம் 5,000 மட்டும் சேர்த்தாலும் துண்டு 182,000. இப்படிப் போனால் மகனுக்கு 12 வயது வரும்போது வைப்பு முடிந்துவிடும். அவனுக்குக் காசு கூடுதலாகத் தேவைப்படும் வயது அப்போதுதான் தொடங்கும்.

வருடக் கணக்கை விட என்னை யோசிக்க வைப்பது மாதக் கணக்கு. ஜனவரியில் தொடங்குவது என்றால், கடல் கொந்தளித்துப் படகு கரையில் கிடக்கும் மாரியில் தொடங்குவது. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏழு மாதமும் மாதம் 56,000 குறையும், மொத்தம் 392,000. ஆகவே, பிறகு எப்போது வேலையை விட்டாலும், ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் நாலு லட்சம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நகை அடகுக்குப் போகும், அடுத்த சீசன் உழைப்பு வட்டிக்குப் போகும்.

நான் சொல்லும் வழி அரை நாள் வேலை. ஒரு பிள்ளைக்கு ஒருவர் பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுத்தால், இடையிடையே ஓய்வு விட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் போதும். பாடசாலை மாதிரி அரை நாள் முழுக்க இருத்தி வைக்கத் தேவையில்லை. காலையில் அம்மம்மாவுடன் அவன் இருக்கட்டும், மதியத்துக்குப் பிறகு நீங்கள் படிப்பியுங்கள். சம்பளம் பாதியானாலும் கைக்கு 31,280 வரும், சேமலாப நிதியும் ஓடும். பகுதிநேர ஊழியருக்கும் அது உண்டு. பஸ் செலவு போனாலும் துண்டு விழாது, வருடத்துக்கு ஒன்றரை லட்சமாவது மிஞ்சும். கம்பனி சம்மதிக்காவிட்டால், உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று இப்போதே விசாரியுங்கள். இரண்டு மூன்று இடம் உறுதியான பிறகு விலகல் கடிதம் கொடுங்கள்.

சேமலாப நிதியில் கண் வைக்காதீர்கள். பெண்களுக்கு அது முழுதாகக் கிடைப்பது 50 வயதில். இடையில் 30 வீதம் எடுக்கப் பத்து வருடப் பங்களிப்பும் 300,000 மீதியும் வேண்டும். அதுவும் வீடு, குறிப்பிட்ட சில நோய்களுக்கான சிகிச்சை போன்றவற்றுக்குத்தான். படிப்புக்குத் தர மாட்டார்கள்.

வைப்பை மகன் பெயருக்கு மாற்றும் யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். சிறுவர் கணக்கில் போட்டால் சாதாரணமாக 18 வயது வரை எடுக்க முடியாது. அவனுக்குச் சிகிச்சை இப்போது வேண்டும். கூட வட்டி தருகிறோம் என்று நிதிக் கம்பனிகள் கூப்பிட்டால், வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 1,100,000 வரைதான் என்பதை மறக்காதீர்கள். வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள்; உங்கள் வருட வருமானம் 18 லட்சத்துக்குக் குறைவு என்பதால் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து அதை நிறுத்தலாம்.

பாடசாலை இடாப்பில் மகனின் பெயரை வெட்ட அவசரப்பட வேண்டாம். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் வைத்தியரின் அறிக்கையுடன் போய், விசேட கல்வி அலகு உள்ள பாடசாலை எது, கிழமையில் சில நாள் மட்டும் அனுப்ப வழியிருக்கிறதா என்று கேளுங்கள். காசுக் கணக்கிலும் இது முக்கியம். திரும்பிப் போக ஒரு இடம் இருந்தால் தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு அலைய வேண்டாம். பின்னாளில் சாதாரண தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் எழுதலாம்.

சிகிச்சைக்கு முதலில் திருகோணமலைப் பொது வைத்தியசாலையையே கேளுங்கள். கூடுதல் மதிப்பீடு தேவை என்றால் ராகமவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான அயாட்டி நிலையம் இருக்கிறது. கொழும்பு ரயில் அந்த வழியாகத்தான் போகிறது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. கடலில் உழைப்பவர் உங்கள் கணவர். அவர் பெயரில் ஆயுள் காப்புறுதி இல்லையென்றால், இந்த மாதமே எடுங்கள். முதலீடு கலந்தது வேண்டாம், இறப்புக்கு மட்டும் பணம் தரும் எளிய காப்புறுதி போதும். படகு ஓட்டும் தொழில் என்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.